வேற்றினத் தோழமை



பஞ்சதந்திரம் என்னும் நூல் ஐந்து பகுதிகளை உடையது. அவற்றுள் இரண்டாவது பகுதி நட்பைப் பெறும் வகையைக் கூறுவது. அதிலே ஒரு காகமும், எலியும், ஆமையும், மானும் உயிர்த் தோழர்கள் ஆகின்றன. மான் வலையிற் சிக்கினால் எலி வந்து கயிற்றைக் கடிக்கிறது. ஆமை அகப்பட்டால் மான் இறந்ததுபோற் கிடந்து வேடனை ஏமாற்றுகிறது. இக்கதையைக் கேட்கும் சிறுவன், இப்படி நடக்குமா என்று ஐயுறுவதில்லை. வளர்ந்தவர்களாகிய நாமோ, இது மனிதர்க்கு நீதி புகட்ட வந்த கற்பனை என்று சொல்லி அமைந்துவிடுகிறோம்.

ஆயினும், நடக்குமா என்பது நல்ல கேள்வியே. இனமும் உணவும் குரலும் வேறுபட்ட இரண்டு விலங்குகள் ஒன்றையொன்று விரும்பிச் சேர்ந்திருத்தல் உண்மையில் உண்டா? உண்டென்றால் அஃது எதனால் விளைகிறது? விலங்குகளை வளர்க்கும் நமக்கு அதனால் ஏதேனும் கடமை உண்டாகிறதா? இவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் ஒரு குதிரையையும் ஒரு பூனையையும் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். இன்று உலகெங்கும் ஓடும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகளின் தந்தைவழி மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகிறது. அம்மூன்றனுள் ஒன்று, 'கொடால்ஃபின் அரேபியன்' என்பது. 1724-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த இக்குதிரை, இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் நகரின் அருகே, கொடால்ஃபின் பிரபுவின் லாயத்தில் வாழ்ந்தது. அதற்குக் கிரிமால்கின் என்ற ஒரு பூனை தோழமையாயிற்று. குதிரையின் முதுகில் ஏறி உறங்குவதும், அதன் அருகே சுருண்டு கிடப்பதும் அப்பூனையின் வழக்கம் என்பர். குதிரையின் ஓவியங்கள் சிலவற்றிலே பூனையும் இடம்பெற்றுவிட்டது. 1753-இல் குதிரை இறந்தது. அதன் உடல் லாயத்தின் வாயில் வழியில் புதைக்கப்படும் வரையில் பூனை அதன்மேல் அமர்ந்திருந்ததாகவும், பின் எங்கோ மறைந்து, வைக்கோற் பரணிலே இறந்து கிடக்கக் கண்டதாகவும் ஒரு பழைய குறிப்புக் கூறுகிறது. அக்குதிரையைப் புதைத்த இடத்தில் ஒரு கல் இன்றும் இருக்கிறது.

இதனை முழுதும் நம்புவதா என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்குப் பின்னர் வருவோம். இப்போதைக்கு, குதிரையும் பூனையும் கூடி வாழ்ந்தன என்பதை மட்டும் கொள்வோம். இத்தகைய கூட்டுறவு அரிதன்று. அதே நூற்றாண்டில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார், தம் ஊராகிய செல்போர்னின் இயற்கை வரலாற்றை 1789-இல் நூலாக வெளியிட்டார். அதில் அவர், ஒரு தோட்டத்திலே வேறு துணையின்றி விடப்பட்ட ஒரு குதிரையும் ஒரு கோழியும் நாளடைவில் நட்புக் கொண்டதை எழுதியிருக்கிறார். கோழி குதிரையின் காலில் உராய்ந்துகொண்டு நிற்குமாம். குதிரையோ தன் சிறு தோழியை மிதித்துவிடாதபடி பார்த்துப் பார்த்து அடி வைக்குமாம். வைட் எதனையும் மிகைப்படுத்துபவர் அல்லர். தாம் கண்டதைத் தேதியிட்டுக் குறித்து வைக்கும் இயல்பினர்.

இனி, இந்நட்பு எதனால் உண்டாகிறது என்று பார்ப்போம். திருக்குறளுக்கு உரை செய்த பரிமேலழகர், நட்பு என்னும் அதிகாரத்தில் நட்பிற்குக் காரணங்கள் மூன்று என்று பகுக்கிறார். ஒரே இடத்தவராதல் ஒன்று. பலகாலும் கண்டு பழகுதல் மற்றொன்று. உணர்ச்சி ஒத்தல் மூன்றாவது. உணர்ச்சி ஒத்துவிட்டால் முன்னிரண்டும் வேண்டா என்பது வள்ளுவர் கருத்து. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே நட்பாயினர் அன்றோ? அது மனிதர்க்கே கூடும் சிறப்பு. விலங்குகளிடத்தில் முறை தலைகீழாகிறது. அங்கே இடமும் பழக்கமும் முன்னே செல்கின்றன. உணர்ச்சி அவற்றின் பின்னே வருகிறது.

முதலில் இடத்தை எடுத்துக்கொள்வோம். லாயத்திலே கொள்ளும் ஓட்ஸும் சிதறிக் கிடக்கும். அதனை நாடி எலி வரும். எலியை நாடிப் பூனை வரும். குளிர் நாட்டிலே வைக்கோலின் வெதுவெதுப்பும், குதிரையின் பெரிய உடலிலிருந்து எழும் சூடும் பூனைக்குப் பெரும் பேறு. ஆகவே பூனை அங்கே வந்ததற்கு நட்பு காரணமன்று, நலன் காரணம். இதனைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை. மனிதர் நட்பிலும் பல, பக்கத்து வீட்டில் குடியிருந்ததால் தொடங்கியவையே.

குதிரையின் நிலை வேறு. அது மந்தையில் வாழப் பிறந்த விலங்கு. பிற விலங்குகளுக்கு இரையாகும் விலங்கு. நின்றபடியே கண்ணயரும் ஆற்றல் அதற்கு உண்டு; ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கத்திற்கு அது படுத்தே ஆகவேண்டும். அவ்வுறக்கம் ஒரு நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரந்தான். எனினும் அஃது இன்றியமையாதது. மந்தையிலே சில குதிரைகள் படுத்திருக்கும்போது ஒன்றேனும் நின்று காவல் பார்க்கும். தனித்த குதிரைக்குக் காவல் யார்?

என் இளமையில் எங்கள் ஊர்ப் புகைவண்டி நிலையத்தின் வெளியே ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டிக்காரர் ஒருவர் தம் வயது முதிர்ந்த குதிரையோடு ஒரு வெள்ளாட்டையும் அதே கொட்டிலில் கட்டி வந்தார். ஆட்டு வாடை குதிரைக்கு நோய் வராமற் காக்கும் என்று மற்ற வண்டிக்காரர்கள் காரணம் கூறினர். நான் அவரையே கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ஆடு பக்கத்துல இருந்தாத்தான் இது படுக்குது. இல்லாட்டி ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருக்கும்" என்றார். நூலறிவு இல்லாத அவர் தம் கண்ணால் கண்டு சொன்ன விடை அது. குதிரையின் உறக்கத்தைப் பற்றிப் பிற்காலத்தில் நான் படித்தவற்றுக்கும் அவர் சொல்லுக்கும் முரண்பாடு ஒன்றும் இல்லை.

மேலைநாட்டுப் பந்தய லாயங்களிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்காவில் 'சீபிஸ்கட்' என்ற குதிரை, 1936-இல் புதிய உரிமையாளரிடம் வந்தபோது, ஓயாது லாயத்திற்குள் சுற்றிக்கொண்டும் உணவை ஒதுக்கிக்கொண்டும் இருந்தது. பயிற்சியாளர் டாம் ஸ்மித் முதலில் ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டார். குதிரை அதனைக் கவ்வித் தூக்கி வெளியே எறிந்துவிட்டது! பிறகு பம்ப்கின் என்ற அமைதியான மற்றொரு குதிரையை அருகில் வைத்தார். ஒரு நாயும் ஒரு சிலந்திக் குரங்கும் கூட அக்கூட்டத்தில் சேர்ந்தன. சீபிஸ்கட் அமைதி அடைந்தது. 1938 நவம்பர் 1-ஆம் நாள், வெல்ல முடியாதது என்று எண்ணப்பட்ட 'வார் அட்மிரல்' என்னும் குதிரையை அது வென்றது. வெற்றிக்குத் துணைவர்களே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் உண்ணாத குதிரை உண்ணத் தொடங்கியது வெற்றிக்கு முற்பட்ட செய்தி. ஆட்டை எறிந்த செய்தியும் கருதத்தக்கது. நாம் கொடுக்கும் துணையை விலங்கு ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது காரணம் பழக்கம். இதனைச் சோதித்துக் காட்டியவர் குவோ என்னும் சீன அறிஞர். பூனை எலியைக் கொல்வது பிறவிக் குணம் என்று எல்லாரும் கூறிவந்த காலத்தில், அவர் பூனைக்குட்டிகளை மூன்று வகையாக வளர்த்துப் பார்த்தார். தம் ஆய்வை 1930-இல் வெளியிட்டார். எலியைக் கொல்லும் பூனைகளைக் கண்டு வளர்ந்த 21 குட்டிகளில் 18 குட்டிகள் எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளிலோ மூன்றே எலியைக் கொன்றன. அவையும் வேறு எலிகளைக் கொன்றனவே அன்றித் தம்முடன் வளர்ந்த எலியைத் தீண்டவில்லை. பஞ்சதந்திரக் கதையாசிரியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இப்பழக்கத்திற்கு ஒரு பருவம் உண்டு. பூனைக்குட்டிக்கு ஏறக்குறைய இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையில் உள்ள காலம் மிக முக்கியமானது. அப்போது எந்த உயிரோடு அச்சமின்றிப் பழகுகிறதோ, அதனைப் பின்னரும் தன் உலகத்தைச் சேர்ந்ததாக ஏற்றுக்கொள்கிறது. ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் டெல் அவீவ் பல்கலைக் கழகத்தினர் ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆறு மாதத்திற்குள் பூனையும், ஓராண்டிற்குள் நாயும் ஒன்றோடொன்று அறிமுகமானால் நட்பு எளிதாகிறது என்று கண்டனர். மற்றொன்றும் கண்டனர். நாய் வாலை ஆட்டினால் மகிழ்ச்சி. பூனை வாலை வீசி ஆட்டினால் சினம். இரண்டின் சைகைகளும் பலவிடத்து இவ்வாறு நேர்மாறானவை. ஆயினும் சேர்ந்து வளர்ந்தவை ஒன்றின் சைகையை மற்றொன்று அறிந்துகொண்டன. வேற்று மொழி கற்பது மனிதர்க்கு மட்டும் உரிய கலை அன்று போலும்.

இவ்வறிவைப் பயன்படுத்தியே ஆட்டு மந்தைக்குக் காவல் நாய்களை உருவாக்குகின்றனர். நாய்க்குட்டியை மிக இளமையிலே ஆடுகளுடன் விட்டு வளர்த்தால், அது மந்தையைத் தன் சுற்றமாகக் கருதிக் காக்கிறது. நமீபியா நாட்டில் சிவிங்கிப்புலிகளைக் காக்கும் ஓர் அமைப்பு, 1994 முதல் இத்தகைய நாய்களைக் குடியானவர்களுக்கு வழங்கி வருகிறது. ஆடு பிழைக்கிறது, ஆட்டைத் தின்ன வந்ததற்காகச் சுடப்படாமல் சிவிங்கியும் பிழைக்கிறது.

மூன்றாவது, உணர்ச்சி. இங்கேதான் நாம் மிக்க எச்சரிக்கையோடு நடக்கவேண்டும். ஒரு செயலைக் கீழ்ப்படியிலுள்ள ஆற்றலைக் கொண்டு விளக்க முடியுமானால், மேற்படியிலுள்ள ஆற்றலை அதற்குக் காரணமாகக் கூறாதீர் என்று லாய்டு மார்கன் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் 1894-இல் ஒரு விதி செய்தார். நல்ல விதி. கைப்பேசித் திரையிலே பூனையின் மடியில் குஞ்சுப் பறவை அசையாது இருப்பதைக் கண்டு நாம் உருகுகிறோம். அச்சத்தின் மிகுதியால் உறைந்துபோன பறவையும் அவ்வாறே அசையாதிருக்கும். கென்யா நாட்டில் ஒரு பெண்சிங்கம், ஓரிக்ஸ் என்னும் மானின் கன்றைத் தன் குட்டிபோல் காத்துத் திரிந்த செய்தி 2002-இல் உலகெங்கும் பரவியது. கன்றைப் பிரிய மனமின்றிச் சிங்கம் வேட்டைக்குச் செல்லவில்லை. கன்றுக்கும் போதிய பால் இல்லை. இரண்டும் பட்டினியால் மெலிந்தன. இறுதியில் வேறொரு சிங்கம் அக்கன்றைக் கொன்றது. காண்பதற்கு அன்பாகத் தோன்றுவதெல்லாம் நன்மையாக முடிவதில்லை.

அப்படியானால் உணர்ச்சி என்பதே இல்லையோ? அப்படியும் சொல்வதற்கில்லை. குதிரைகள் ஒன்றின் கழுத்தடியை மற்றொன்று பல்லால் மெல்லக் கவ்விக் கோதிவிடும் வழக்கம் உடையவை. பிரான்சு நாட்டுக் காமார்க் குதிரைகளிடம் நடந்து 1993-இல் வெளியான ஓர் ஆய்விலே, கழுத்தும் முதுகும் சேரும் அவ்விடத்தைக் கோதும்போது குதிரையின் இதயத் துடிப்புத் தணிவதாகக் கண்டனர். அவை கோதிக்கொள்ள விரும்பாத வேறோர் இடத்தைத் தடவியபோது அப்பயன் இல்லை. குதிரையின் மனத்தை நாம் காண முடியாது. அதன் துடிப்பை எண்ண முடியும். 

இனி, வைக்கோற் பரணில் இறந்து கிடந்த பூனையிடம் திரும்புவோம். துயரத்தால் ஒரு விலங்கு இறக்கக்கூடுமா? கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் காணும் ஓர் உண்மை இதற்கு ஒளி தருகிறது. கழுதைகள் இரண்டிரண்டாக இணைபிரியாது வாழும் இயல்பின. ஒன்று இறந்தாலோ, விற்கப்பட்டாலோ மற்றது உண்ண மறுக்கும். அப்போது உடலிற் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. அளவுக்கு மீறிக் கலந்தால் கல்லீரல் கெடுகிறது. விரைந்து மருத்துவம் செய்யாவிடில் கழுதை இறந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1969-இல் தோன்றிய கழுதைகள் காப்பகம், இணைந்த கழுதைகளைப் பிரிப்பதில்லை என்பதை ஒரு நெறியாகவே கொண்டுள்ளது. பூனைக்கும் இதை ஒத்த நோய் உண்டு. சில நாள் தொடர்ந்து உண்ணாதிருந்தால், சிறப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

கிரிமால்கின் இவ்வாறுதான் இறந்தது என்று நான் கூறவில்லை. அது முதிர்ந்த பூனையாய் இருந்திருக்கலாம். பழகிய சூடு இல்லாத குளிர்காலமும் அதனைக் கொன்றிருக்கலாம். ஆயினும், தோழமையை இழந்த விலங்கு உண்ணாமல் இருப்பதும், உண்ணாமையால் இறப்பதும் கட்டுக்கதை அல்ல. உடல் நூல் ஒப்புக்கொள்ளும் செய்தி அது. பிசிராந்தையார் தம் நண்பனைத் தொடர்ந்து வடக்கிருந்து உயிர் விட்டது அவர் தேர்ந்துகொண்ட நோன்பு. விலங்கு எதனையும் தேர்ந்துகொள்வதில்லை; அதன் உடல் உணவை மறுத்துவிடுகிறது. அதனாலேயே, அதனைக் காக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது.

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நாம் மறக்க முடியாது. நம் கடற்கரையைச் சூறையாடிய அதே ஆழிப்பேரலை, இந்துமாக் கடலின் மறுகரையில் உள்ள கென்யாவையும் தொட்டது. அங்கே மாலிந்தி என்னும் ஊரின் அருகே, தன் கூட்டத்தைப் பிரிந்து கடலில் தத்தளித்த ஓர் இளம் நீர்யானையை ஊரார் வலையிட்டு மீட்டனர். அதனை மொம்பாசா நகரத்துப் பூங்கா ஒன்றில் கொண்டுபோய் விட்டனர். அஃது அங்கிருந்த ம்சே என்னும் கிழட்டு ஆமையின் பின்னே போய் ஒண்டியது. ஆமை முதலில் விலகிச் சென்றது, பின் பொறுத்துக்கொண்டது, நாளடைவில் இரண்டும் சேர்ந்தே உண்டு, சேர்ந்தே உறங்கின. உலகம் இதனைக் கண்டு வியந்தது. ஆனால் காப்பாளர்கள் செய்த அடுத்த செயலையே நான் பெரிதும் மதிக்கிறேன். நீர்யானை வளர்ந்ததும், 2007-இல் அதனைத் தன் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் நீர்யானையோடு சேர்த்தனர். ஆமையின் துணை அதன் உயிரைக் காத்தது. ஆனால் நீர்யானைக்கு நீர்யானையே வேண்டும்.

வேற்றினத் தோழமையை நாம் வியந்து பாராட்டும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது தனிமையிலிருந்து பிறக்கிறது. வைட் எழுதிய அக்குதிரைக்கு வேறு குதிரை இருந்திருந்தால், கோழியைத் தேடியிராது. துணை என்பது மந்தை விலங்குக்கு ஓர் ஆடம்பரம் அன்று. புல்லும் நீரும் போன்ற தேவை. இதனை உணர்ந்து சுவிட்சர்லாந்து நாடு, 2008-ஆம் ஆண்டின் விதிகளிலே, ஒரு குதிரையை வளர்ப்பவர் அது மற்றொரு குதிரையைக் காணவும் கேட்கவும் முகரவும் வகை செய்யவேண்டும் என்று சட்டமாக்கியது.

நம்மிடம் சட்டம் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டமாக வாழப் பிறந்த விலங்கைத் தனியே அடைத்து வைக்காதீர்கள். தன் இனத் துணை கிட்டாதபோது, அது ஏற்றுக்கொள்ளும் வேறு துணையையேனும் கொடுங்கள். இணைந்து பழகிய இரண்டில் ஒன்றை விற்கும் முன், எஞ்சி நிற்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒன்று இறந்துவிட்டால், மற்றது அதனை முகர்ந்து பார்க்கும் வரையில் உடலை அகற்ற விரைய வேண்டா. அதன் பின், எஞ்சிய விலங்கின் தீனித் தொட்டியை நாள்தோறும் பாருங்கள். பூனையானால் ஒரு நாள் முழுதும் உண்ணாதிருந்தாலே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

விலங்கின் நெஞ்சில் இருப்பது நட்புத்தானா என்று அறிஞர்கள் இன்னும் நெடுநாள் வாதிடுவார்கள்; வாதிடட்டும். அந்த வாதம் முடிவதற்குள், தொட்டியில் இட்ட தீனி அப்படியே கிடக்கிறதா என்று பார்க்கவேண்டியவர் விலங்கை வளர்ப்பவரே.